மூன்று இட்லிக்கு எத்தனை யூனிட்?

இரவு பத்து மணிக்குப் பார்த்தபோது சர்க்கரை 125. அதன்பிறகு குழந்தை தண்ணீர் தவிர எதையும் தொடவில்லை. காலை ஏழு மணிக்கு எழுப்பிப் பார்த்தால் 175. நடுவில் ஏறிய இந்த 50 எங்கிருந்து வந்தது?

டைப் 1 சர்க்கரை நோயுள்ள குழந்தை இருக்கும் எந்த வீட்டிலும் இந்தக் கேள்வி ஒருநாள் வந்தே தீரும். முதல் சந்தேகம் ஆயா மேல்தான் விழும்.

“அத்தை, ராத்திரி பாப்பாவுக்கு ஏதாச்சும் குடுத்தீங்களா?”

“ஐயோ, ஒரு பிஸ்கட்கூட குடுக்கலம்மா.”

ஆயா சொல்வது உண்மை. சர்க்கரையைக் கொடுத்தது குழந்தையின் ஈரல்.

பெரியவர்களுக்கு வரும் சர்க்கரை நோயிலும் இதே புதிர் உண்டு. முதல்நாள் இரவு இரண்டே சப்பாத்தியோடு படுத்தவர், காலையில் வெறும் வயிற்றில் எடுத்த ரத்தப் பரிசோதனையைப் பார்த்துத் திகைப்பார். ஆனால் அவர் உடம்பில் கொஞ்சமாவது இன்சுலின் சுரக்கிறது. டைப் 1 குழந்தைக்கு அது அறவே இல்லை, அல்லது இல்லையென்றே சொல்லலாம். அந்த ஏற்றத்தை முன்கூட்டியே கணித்து, ஒரு பம்புக்குள் எண்ணாக எழுதிவைக்க வேண்டிய பொறுப்பு பெற்றோருடையது. அந்த எண்களைப் பற்றியதுதான் இந்த அத்தியாயம்.

அரை ஸ்பூன் சர்க்கரை

கடைசிவரை ஒரே குழந்தையை வைத்துப் பார்ப்போம். விளக்கத்துக்காக நான் அமைத்துக்கொண்ட குழந்தை அவள். எட்டு வயது, 25 கிலோ எடை, ஸ்ரீபெரும்புதூரில் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். அப்பாவுக்கு ஒரகடத்தில் ஷிப்டு வேலை. அம்மா சுங்குவார்சத்திரம் பக்கம் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனிக்குப் போகிறாள். வீட்டில் ஆயா. குழந்தையைப் பாப்பா என்றே சொல்வோம். இங்கே வரும் எண்களெல்லாம் பாப்பாவின் எண்கள். வேறெந்தக் குழந்தைக்கும் மருத்துவரைக் கேட்காமல் அவற்றைப் போடக்கூடாது.

25 கிலோ குழந்தையின் உடம்பில் ஏறக்குறைய 2 லிட்டர் ரத்தம் ஓடும். ரத்தச் சர்க்கரை 100 என்றால் ஒரு டெசிலிட்டரில், அதாவது 100 மில்லிலிட்டரில், 100 மில்லிகிராம் குளுக்கோஸ். கணக்குப் பாருங்கள்: பாப்பாவின் ரத்தம் முழுக்க இருக்கும் சர்க்கரையே 2 கிராம்தான். அரை டீஸ்பூனுக்குக்கூடக் காணாது. காலையில் அவள் சாப்பிடும் மூன்று இட்லியில் இருந்து வருவதோ 45 கிராம். இவ்வளவு உள்ளே வந்தும் ரத்தத்தில் அந்த 2 கிராம் பெரிதாகக் கூடாமல் குறையாமல் காப்பதுதான் இன்சுலினின் வேலை. வந்த சர்க்கரையைத் தசைக்குள்ளும் ஈரலுக்குள்ளும் அனுப்புகிறது. ஈரல் தன் சேமிப்பிலிருந்து சர்க்கரையை வெளியே விடும்போது ‘போதும்’ என்று தடுக்கிறது.

கணையத்துக்குள் சிறு சிறு திட்டுகளாக இருக்கும் செல்களை 1869-ல் பால் லாங்கர்ஹான்ஸ் என்ற ஜெர்மானிய மாணவர் நுண்ணோக்கியில் கண்டார். அந்தத் திட்டுகளில் இருக்கும் பீட்டா செல்கள்தான் இன்சுலினைச் சுரக்கின்றன. டைப் 1 நோயில் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே இந்தச் செல்களை அந்நியர் என்று எண்ணி அழித்துவிடுகிறது. இனிப்பு கொடுத்ததால் வந்த நோய் இல்லை இது. தாய் கர்ப்ப காலத்தில் எதையோ தின்றதால் வந்ததும் இல்லை. நோய் தெரிந்த முதல் மாதத்தில் எத்தனையோ வீடுகளில் மருமகள் மேல் பழி விழுகிறது. அதற்கு அறிவியலில் எந்த ஆதாரமும் கிடையாது.

விடியலுக்கு முன்

ஆரோக்கியமான கணையம் இரண்டு விதமாக இன்சுலின் தருகிறது. சாப்பாடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிடுவது ஒன்று. மருத்துவமனையில் இதைப் ‘பேசல்’ என்பார்கள். நாம் அடிவரத்து என்போம். சாப்பிடும்போது சட்டென்று மொத்தமாகத் தருவது இன்னொன்று. அது ‘போலஸ்’, நமக்கு வேளை அளவு.

அடிவரத்து எதற்கு? ஈரலைக் கட்டுக்குள் வைக்க. நாம் தூங்கும்போதும் மூளைக்குச் சர்க்கரை வேண்டும் என்பதால் ஈரல் இரவெல்லாம் சிறிது சிறிதாக அதை ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கிறது. விடிவதற்குச் சில மணி நேரம் முன்பு அந்த வேகம் கூடும். தூக்கத்தில் சுரக்கும் வளர்ச்சி ஹார்மோனும், விடியலை நோக்கி ஏறும் கார்ட்டிசாலும் இன்சுலினுக்கு எதிராக வேலை செய்வதே காரணம். எழுந்ததும் ஓடியாட உடம்பு செய்துகொள்ளும் ஏற்பாடு அது. மற்றவர்களுக்கு அந்நேரத்தில் கணையம் கூடுதலாக ஒரு துளி சுரந்து சமன் செய்துவிடும். பாப்பாவுக்கு அதைச் செய்ய ஆளில்லை. ஆகவே 125 என்பது 175 ஆகிறது.

சட்டைக்குள் ஒரு பெட்டி

டொராண்டோவில் 1921-ல் பிரெடரிக் பாண்டிங்கும் சார்லஸ் பெஸ்ட்டும் தொடங்கிய ஆய்வில் கிடைத்த இன்சுலினை, 1922 ஜனவரியில் லெனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவன் முதன்முதலில் ஊசியாகப் பெற்றான். நம் சென்னையில் 1948-ல் ஸ்டான்லி மருத்துவமனையில் பேராசிரியர் எம். விஸ்வநாதன் சர்க்கரை நோய்க்கென்றே தனிப் பிரிவு தொடங்கினார். ஊசிக்குப் பதில் இயந்திரம் என்ற எண்ணம் 1960-களில் வந்தது. லாஸ் ஏஞ்சலீஸில் ஆர்னால்டு கடிஷ் செய்த முதல் கருவியை முதுகில் மூட்டையாகச் சுமக்க வேண்டியிருந்தது. 1978-ல் லண்டனில் ஜான் பிக்அப், ஹாரி கீன் குழுவினர், தோலுக்கடியில் சிறு குழாய் வழியே இன்சுலினை இடைவிடாமல் செலுத்தும் முறையை வெளியிட்டார்கள். இன்றைய பம்புகள் அந்த வழியில் வந்தவை.

இப்போதைய பம்ப் உள்ளங்கைக்குள் அடங்கும். உள்ளே ஒரு சிறு குப்பி, அதைத் தள்ளும் மோட்டார். வெளியே மெல்லிய குழாய். அதன் நுனியில் வயிற்றிலோ தொடையிலோ பிட்டத்திலோ குத்திவைக்கும் சில மில்லிமீட்டர் நீளப் பிளாஸ்டிக் ஊசிக்குழல். இரண்டு மூன்று நாளுக்கொருமுறை இடம் மாற்றிப் புதிதாகக் குத்த வேண்டும்.

அளவு எவ்வளவு நுணுக்கம் என்பதற்கு ஒரு கணக்கு. பம்பில் ஊற்றும் இன்சுலின் ஒரு மில்லிலிட்டருக்கு 100 யூனிட் செறிவுள்ளது. ஒரு சொட்டுத் தண்ணீரை 0.05 மில்லிலிட்டர் என்று கொண்டால் அந்தச் சொட்டில் 5 யூனிட் அடங்கும். பாப்பாவுக்கு மணிக்கு 0.30 யூனிட் அளவில் அடிவரத்து போகிறது என்றால், அந்த ஒரு சொட்டே ஏறக்குறைய 17 மணி நேரத்துக்கு வரும். பம்ப் அதைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை பிரித்துப் பிரித்துத் தருகிறது.

செறிவு என்று சொன்னதும் ஓர் எச்சரிக்கை. நம் ஊரில் பரவலாகக் கிடைக்கும் இன்சுலின் குப்பி மில்லிலிட்டருக்கு 40 யூனிட் செறிவுள்ளது. அதற்கான சிரிஞ்சின் மூடி சிவப்பு. 100 யூனிட் செறிவுக்கான சிரிஞ்சின் மூடி ஆரஞ்சு. பம்ப் பழுதாகிவிட்ட அவசரத்தில், பம்புக்கு வாங்கிவைத்த குப்பியிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 4 என்ற கோடுவரை இழுத்தால் உள்ளே போவது 10 யூனிட். இரண்டரை மடங்கு! பம்ப் உள்ள வீட்டில் சிவப்பு மூடி சிரிஞ்சே இருக்கக்கூடாது என்பது என் கருத்து.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு 1993-ல் வந்த ஆய்வு முடிவைச் சொல்லலாம். அமெரிக்காவிலும் கனடாவிலும் டைப் 1 உள்ள 1,441 பேரைச் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். சர்க்கரையை நெருக்கமாகக் கட்டுக்குள் வைத்தவர்களுக்கு விழித்திரைப் பாதிப்பு புதிதாகத் தோன்றும் அபாயம் 76 சதவீதம் குறைந்தது. எட்டு வயதில் எடுக்கும் சிரமம் முப்பது வயதில் கண்ணைக் காக்கும்.

மணிக்கு மணி வேறு அளவு

பாப்பாவுக்கு ஒரு நாளைக்கு மொத்தம் சுமார் 20 யூனிட் தேவைப்படுகிறது. அதில் ஏறக்குறைய 40 சதவீதம் அடிவரத்து. அதை 24 மணிக்கும் சமமாகப் பிரித்தால் வேலை முடிந்ததென்று தோன்றும். ஆனால், முதல் ஷிப்டுக்கும் நைட் ஷிப்டுக்கும் ஒரே அளவு ஆள் போடும் தொழிற்சாலை ஏதாவது உண்டா? வேலைக்குத் தக்கபடிதான் ஆள். அடிவரத்தும் அப்படித்தான்.

மருத்துவர் முதலில் எழுதிக்கொடுத்த அட்டவணை இது. நள்ளிரவு 12 முதல் 3 வரை மணிக்கு 0.25 யூனிட். 3 முதல் காலை 7 வரை 0.30. 7 முதல் மாலை 4 வரை அதே 0.30. விளையாடும் நேரமான 4 முதல் 7 வரை 0.25. இரவு 7 முதல் 12 வரை 0.40. மொத்தம் 7.4 யூனிட்.

முன்னிரவில் ஏன் அதிகம்? சின்னக் குழந்தைகளுக்குத் தூங்கப்போகும் நேரத்தை ஒட்டியும் தூங்கிய முதல் சில மணி நேரத்திலும் இன்சுலின் தேவை கூடுதலாக இருப்பது வழக்கம். வளரிளம் பருவத்தில் அது விடியற்காலைக்கு நகரும். எட்டு வயதில் இரண்டும் கொஞ்சம் கொஞ்சம்.

இப்போது அந்த 175-க்கு வருவோம். அவசரப்பட்டு எண்ணில் கை வைக்கக்கூடாது. முதலில் சாட்சி வேண்டும். இரவுச் சாப்பாட்டைச் சீக்கிரம், எண்ணெய் குறைவாக முடித்துவிட்டு, பத்து மணி, பன்னிரண்டு, மூன்று, ஐந்து, ஏழு என்று அளந்தார்கள். கிடைத்தது 125, 120, 120, 130, 175. வேறிரண்டு இரவுகளிலும் ஏறக்குறைய இதே கதை. இதில் முக்கியமான சாட்சி மூன்று மணி அளவுதான். அது 120. அங்கே 65 என்று இருந்திருந்தால் கூட்ட வேண்டியதில்லை. அடிவரத்தைக் குறைக்க வேண்டியிருக்கும். காலை எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் தூக்கத்தில் குழந்தையின் சர்க்கரை இறங்கிப்போகும் ஆபத்து இருக்கிறது.

ஏற்றம் ஐந்து மணிக்குமேல் தெரிகிறது. ஆனால் திருத்தத்தை மூன்று மணியிலிருந்தே தொடங்க வேண்டும். தோலுக்கடியில் போன இன்சுலின் ரத்தத்தில் கலந்து முழு வேலை செய்ய ஒன்று, இரண்டு மணி நேரம் ஆகும். 3 முதல் 7 வரை இருந்த 0.30-ஐ 0.35 ஆக்கினார்கள். நான்கு மணி நேரத்துக்கு 0.05 வீதம் கூடுதலாகப் போவது 0.2 யூனிட். பாப்பாவின் உடம்பில் 1 யூனிட் சுமார் 90 அளவுக்குச் சர்க்கரையை இறக்கும் (இந்த 90 எப்படி வந்தது என்று அடுத்துப் பார்ப்போம்). அப்படியானால் 0.2 யூனிட் 18 இறக்கும். 175 என்பது 157 பக்கம் வந்தது. மூன்று நாள் பொறுத்து, மருத்துவரிடம் சொல்லிவிட்டு 0.40. இப்போது காலையில் 140-ஐ ஒட்டி நிற்கிறது. அடிவரத்தின் மொத்தம் 7.4-லிருந்து 7.8 ஆயிற்று.

ஒரு முறைக்கு ஒரு எண், அதுவும் பத்து இருபது சதவீதத்துக்குள். பிறகு சில நாள் காத்திருப்பு. ஒரே நாளில் மூன்று எண்களை மாற்றினால் எது வேலை செய்தது, எது கெடுத்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

அதே இட்லி, வேறு அளவு

மருத்துவர்களிடம் இரண்டு தோராய விதிகள் உண்டு. 500-ஐ ஒரு நாள் மொத்த யூனிட்டால் வகுத்தால், 1 யூனிட் எத்தனை கிராம் மாவுச்சத்தைச் சமாளிக்கும் என்று தெரியும். பாப்பாவுக்கு 20 யூனிட். ஆக, 25 கிராம். 1800-ஐ அதே 20-ஆல் வகுத்தால் 90. ஒரு யூனிட் எவ்வளவு இறக்கும் என்பதன் கணக்கு அது. இரண்டுமே தொடக்கப் புள்ளிகள்தான், அனுபவத்தில் திருத்திக்கொள்வார்கள்.

காலையில் அந்த 25 பொய்த்துவிடுகிறது. விடியற்காலை ஹார்மோன்களின் எச்சம் இன்னும் உடம்பில் இருப்பதால் காலை உணவுக்கு அதிக இன்சுலின் தேவைப்படுகிறது. பாப்பாவுக்குக் காலையில் 15 கிராமுக்கு 1 யூனிட், மதியமும் இரவும் 25 கிராமுக்கு 1 யூனிட். அவள் வீட்டு இட்லி கொஞ்சம் பெரிது. ஒன்றுக்கு 15 கிராம் மாவுச்சத்து. மூன்று இட்லி 45 கிராம். காலையில் சாப்பிட்டால் 3 யூனிட். அதே மூன்று இட்லியை இரவில் சாப்பிட்டால் 1.8 யூனிட்.

தராசு இல்லாமல் இது நடக்காது. சமைத்த சோறு 100 கிராமில் 28 கிராம் மாவுச்சத்து இருக்கும். ஒரு கரண்டி என்று அம்மா அள்ளுவதும் ஆயா அள்ளுவதும் ஒன்றல்ல. இரண்டு வாரம் சமையலறைத் தராசில் நிறுத்தால் அப்புறம் கண்ணே அளந்துவிடும். ஆனாலும் மாதத்தில் ஒருநாள் திரும்ப நிறுத்துப் பார்ப்பது நல்லது. கை தாராளமாகிக்கொண்டே போகும்.

நேரமும் முக்கியம். இப்போதைய வேக இன்சுலின் வேலையைத் தொடங்கப் பத்து இருபது நிமிடம், உச்சத்துக்கு வர ஒன்று இரண்டு மணி நேரம், முழுக்க அடங்க மூன்று முதல் ஐந்து மணி நேரம். இட்லியோ அதைவிட வேகமாகச் செரிக்கும். ஆகவே தட்டு வைப்பதற்குக் கால் மணி முன்பே பட்டனை அழுத்திவிட வேண்டும். குழந்தை பாதியில் எழுந்து ஓடிவிடும் சுபாவம் என்றால், கட்டாயம் தின்னும் அளவுக்கு மட்டும் முன்னால், மீதிக்குப் பின்னால்.

பரோட்டா நேர்மாறு. மாவோடு எண்ணெயும் சால்னாவின் கொழுப்பும் சேர்ந்து செரிமானத்தை இழுத்தடிக்கும். மொத்த வேளை அளவையும் ஒரேயடியாகக் கொடுத்தால் முதல் மணி நேரத்தில் சர்க்கரை இறங்கும், நள்ளிரவில் ஏறும். பம்பில் இதற்கொரு வசதி உண்டு: ஒரு பகுதியை உடனே கொடுத்து, மீதியை இரண்டு மூன்று மணி நேரத்துக்குப் பரப்பிவிடலாம்.

பத்தேகால் மணிக்கு வந்த போன்

பம்ப் அமைப்புகளில் மிகக் குறைவாகப் புரிந்துகொள்ளப்படுவது, என் பார்வையில், எஞ்சிய இன்சுலின். ஏற்கெனவே போட்டதில் இன்னும் வேலை செய்யாமல் உடம்பில் மிச்சம் இருக்கும் அளவு அது.

காலை ஏழரைக்குப் பாப்பாவின் சர்க்கரை 165. இலக்கு 120. கூடுதலாக உள்ள 45-க்கு 0.5 யூனிட், இட்லிக்கு 3, மொத்தம் 3.5 யூனிட். பத்தேகால் இன்டர்வெலில் பார்த்தால் 220. ஆசிரியை வீட்டுக்குப் போன் செய்கிறார்.

“ஆயா, 220 காட்டுது. எவ்வளவு போடச் சொல்லட்டும்?”

“அந்தப் பெட்டி என்ன சொல்லுதோ அதை மட்டும் போடச் சொல்லுங்க மிஸ். நம்மளா கூட்டிப் போட வேணாம்.”

ஆயாவின் பதில் ஏன் சரி? மனக்கணக்குப் போட்டால், இலக்குக்கு மேல் 100 இருக்கிறது; அதற்கு 1.1 யூனிட் என்று வரும். ஆனால் காலையில் போட்ட 3.5-ல் ஏறக்குறைய கால்பங்கு, அதாவது 0.9 யூனிட், இன்னும் உடம்பில் இருக்கிறது. பம்ப் அதைக் கழித்துவிட்டு 0.2 மட்டும் போடச் சொல்கிறது. இட்லி முழுக்கச் செரித்துவிட்டது என்று கொண்டால், மிச்சமும் புதியதும் சேர்ந்த 1.1 யூனிட் சர்க்கரையை 99 இறக்கும். 121-ல் வந்து நிற்கும். மனக்கணக்குப்படி 1.1-ஐப் போட்டிருந்தால்? மிச்சத்தோடு சேர்ந்து 2 யூனிட். 180 இறங்கி, 40. பதினொன்றரைக்கு பி.டி. பீரியட் வேறு. மயங்கி விழுகிற அளவு அது.

இந்தக் கழித்தல் சரியாக நடக்க வேண்டுமானால், இன்சுலின் எத்தனை மணி நேரம் வேலை செய்யும் என்ற எண்ணை பம்பில் நேர்மையாகப் போட்டிருக்க வேண்டும். பாப்பாவுக்கு 4 மணி. சர்க்கரை சீக்கிரம் இறங்கட்டும் என்று சிலர் அதை 2 மணி என்று சுருக்கிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் உண்மையில் இருக்கும் மிச்சத்தை இல்லையென்று பம்பையே நம்பவைக்கிறோம். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

சர்க்கரை 70-க்குக் கீழே போனால் எட்டு வயதுக் குழந்தைக்கு 7, 8 கிராம் குளுக்கோஸ் போதும். ஒன்றரை அல்லது இரண்டு டீஸ்பூன் சர்க்கரை. கால் மணி கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும். சாக்லேட், கடலைமிட்டாய் உதவாது. அவற்றிலிருக்கும் கொழுப்பு வேகத்தைக் குறைத்துவிடும். விளையாட்டு நாளில் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் முன்பே அடிவரத்தைப் பாதியாகக் குறைத்துவைக்கலாம். களைத்த தசை தன் சேமிப்பை நிரப்பிக்கொள்ள அன்றிரவு வெகுநேரம் சர்க்கரையை உறிஞ்சும் என்பதால் இரவு அளவையும் கவனிக்க வேண்டும்.

போன் உள்ளே போகாத இடம்

தோலுக்கடியில் உணரி வைத்து ஐந்து நிமிடத்துக்கொருமுறை சர்க்கரையைக் காட்டும் கருவி இப்போது உண்டு. எண்ணை அம்மாவின் செல்போனுக்கும் அனுப்பும். இந்த யோசனைக்குப் பின்னால் ஒரு தகப்பன் இருக்கிறார். 2013-ல் அமெரிக்காவில் ஜான் காஸ்டிக் என்ற மென்பொருள் பொறியாளர், வேலையிடத்திலிருந்தே தன் மகனின் சர்க்கரையைப் பார்ப்பதற்காகத் தானே நிரல் எழுதினார். அதைப் பிற பெற்றோர்கள் வளர்த்தெடுத்து ‘நைட்ஸ்கவுட்’ என்று பெயரிட்டு இலவசமாகப் பகிர்ந்தார்கள்.

ஆனால் பாப்பாவின் அம்மா வேலை செய்வது போன்ற இடங்களில் செல்போனைக் கதவருகிலேயே லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். சர்க்கரை 60 என்று அலறும் எச்சரிக்கை எட்டு மணி நேரம் லாக்கருக்குள் அடங்கிக் கிடக்கும். இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஒரகடம்வரை வேலைக்குப் போகும் ஆயிரக்கணக்கான பெண்களுக்கு இதுதான் நிலை. ஆகவே எச்சரிக்கை முதலில் போக வேண்டியது பள்ளிக்கு, அடுத்து ஆயாவுக்கு. சூப்பர்வைசரின் மேசை எண் பள்ளியில் எழுதிவைக்கப்பட்டிருக்க வேண்டும். இந்த ஒரு காரணத்துக்காக போனை லைனில் வைத்துக்கொள்ள அனுமதி கேட்பதும் நியாயமானதே. கேட்கத் தயங்க வேண்டாம்.

பள்ளியிலும் கேட்க உரிமை உண்டு. டைப் 1 மாணவர்கள் தின்பண்டங்களைத் தேர்வறைக்குள் எடுத்துச்செல்ல 2017-ல் சி.பி.எஸ்.இ. அனுமதி தந்தது. இப்படிப்பட்ட குழந்தைகளுக்குப் பள்ளிகளில் இன்சுலின், அளவுக்கருவி, இடைவேளை உணவு ஆகியவற்றுக்கு வசதி செய்ய வேண்டுமென்று 2023-ல் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்புக்கான தேசிய ஆணையமும் வலியுறுத்தியது.

ஷிப்டு வீட்டில் இன்னொரு சிக்கல் உண்டு, அது எளிதில் கண்ணில் படாது. அப்பாவுக்கு இரண்டாம் ஷிப்டு வரும் வாரம், அவர் வரும்வரை பாப்பா பதினோரு மணிக்கும் தூங்காமல் காத்திருப்பாள். அவர் வாங்கிவரும் பரோட்டாவில் பாதி அவளுக்கு. அந்த வாரம் முழுக்க விடியற்காலை அளவு 200-ஐத் தாண்டும். அம்மா அடிவரத்தைக் கூட்டுவாள். அடுத்த வாரம் அப்பாவுக்கு முதல் ஷிப்டு, ஒன்பது மணிக்கே வீடு அடங்கிவிடும். கூட்டிய அடிவரத்தால் மூன்று மணிக்கு 60. எண்ணில் தப்பில்லை, நாள்தான் வேறு. அதனால் சர்க்கரை நோட்டில் அளவுக்குப் பக்கத்திலேயே அப்பாவின் ஷிப்டையும் எழுதுங்கள். இரண்டு மூன்று சுற்று எழுதிவிட்டால் மாற்ற வேண்டியது அடிவரத்தையா, பரோட்டா நேரத்தையா என்று தெரிந்துவிடும். பம்பில் இரண்டு மூன்று அட்டவணைகளைத் தனித்தனியே சேமிக்கலாம். பள்ளி நாளுக்கு ஒன்று, தாமதமாக எழும் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்று இருப்பது நல்லது.

வெயில், காய்ச்சல், மடங்கிய குழல்

எல்லா எண்ணும் சரியாக இருந்தும் சர்க்கரை ஏறினால் சந்தேகம் கருவி மேல் போக வேண்டும். தோலுக்குள் குழல் மடங்கியிருக்கலாம், ஒட்டுப்பட்டை வியர்வையில் நெகிழ்ந்திருக்கலாம். பம்பில் ஓடுவது வேக இன்சுலின் மட்டுமே. உடம்பில் நீண்ட நேரம் தங்கும் இன்சுலின் எதுவும் இல்லை. ஓட்டம் நின்றால் நான்கைந்து மணி நேரத்தில் கீட்டோன் என்னும் அமிலப் பொருள் சேரத் தொடங்கும். 250-க்கு மேல் போய், திருத்த அளவு கொடுத்தும் இறங்காவிட்டால், அடுத்த அளவை பம்பில் கொடுக்காதீர்கள். சிரிஞ்சிலோ பேனாவிலோ கொடுத்துவிட்டு, குழலைப் புதிதாக மாற்றி, கீட்டோன் பாருங்கள். வாந்தியோ பெருமூச்சோ இருந்தால் நேரே மருத்துவமனை.

காய்ச்சலில் குழந்தை சாப்பிடவில்லை என்று அடிவரத்தை நிறுத்துவது மிகப்பெரிய தவறு. காய்ச்சலில் ஈரல் இன்னும் அதிகச் சர்க்கரையை வெளியே விடும்; பெரும்பாலும் இன்சுலின் தேவை கூடவே செய்யும்.

சித்திரை வெயிலில் இந்தப் பக்கம் 40 டிகிரியைத் தாண்டும். திறந்த இன்சுலின் குப்பி 30 டிகிரிக்குள் இருந்தால் சுமார் நான்கு வாரம் தாங்கும்; அதற்குமேல் வெப்பம் பட்டால் வீரியம் குறையும். பார்க்கத் தெளிவாகவே இருக்கும், வேலை செய்யாது. மின்வெட்டு நேரத்தில் ஈரமணல் போட்ட மண்பானைக்குள் குப்பியை வைப்பது நல்ல பழக்கம். ஃப்ரீசரில் ஒருபோதும் வைக்காதீர்கள். உறைந்த இன்சுலின் வீணாகிவிடும்.

தானே திருத்திக்கொள்ளும் பம்ப்

உணரி காட்டும் அளவைப் பார்த்து அடிவரத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் பம்புக்கு 2016-ல் அமெரிக்கா முதன்முதலாக அனுமதி தந்தது. இரவு நேரத்தில் பெற்றோரைத் தூங்கவைத்தது இந்த வகைதான். ஆனாலும் சாப்பாட்டை நாம்தான் சொல்ல வேண்டும். 15 கிராமுக்கா 25 கிராமுக்கா என்ற எண்ணையும் நாம்தான் தர வேண்டும். மூன்று இட்லியை இரண்டு என்று சொன்னால் அதுவும் பின்தங்கித்தான் ஓடும்.

இவை லட்சங்களில் விற்கும் பொருள்கள். அதைவிட வதைப்பது மாதாமாதம் வாங்க வேண்டிய குழல், குப்பி, உணரிச் செலவு. ஒப்பந்தத் தொழிலாளி குடும்பத்தால் அது முடியாது. பம்ப் இல்லாத குழந்தைக்கு நல்ல வைத்தியமே இல்லை என்று யாரும் எண்ண வேண்டாம். நீண்ட நேர இன்சுலின் ஒன்றும், வேளைக்கொரு வேக இன்சுலினுமாக ஊசி போட்டுக்கொள்ளும் குழந்தைக்கும் இங்கே சொன்ன இட்லிக் கணக்கும் திருத்தக் கணக்கும் எஞ்சிய இன்சுலின் எச்சரிக்கையும் அப்படியே பொருந்தும். கோவையில் மருத்துவர் கிருஷ்ணன் சுவாமிநாதன் தொடங்கிய ‘இதயங்கள்’ அறக்கட்டளை ஏழை டைப் 1 குழந்தைகளுக்கு இலவசமாக இன்சுலினும் பயிற்சியும் தருகிறது. இது மாவட்டம்தோறும் வர வேண்டும்.

மருத்துவக் கருவிப் பூங்கா அமைக்க 2021-ல் மத்திய அரசு நான்கு மாநிலங்களுக்குக் கொள்கையளவில் ஒப்புதல் தந்தது. அதில் தமிழ்நாட்டின் பூங்காவுக்கு இடம் ஒரகடம். சிப்காட்டின் 350 ஏக்கர். காரும் செல்போனும் செய்யும் இந்த வட்டாரத்தில் நுண்ணிய பிளாஸ்டிக் வார்ப்புக்குக் கைதேர்ந்த தொழிலாளர்களுக்குப் பஞ்சமில்லை. மூன்று நாளில் தூக்கியெறியும் அந்தக் குழலை மட்டுமாவது இங்கே செய்தால் அதன் விலை குறைய வழியுண்டு. என் பேராசை அது.

அடுத்த அட்டவணை

பாப்பாவுக்குப் பதின்மூன்று வயது ஆகும்போது எடை 42 கிலோ இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். பூப்பெய்தும் பருவத்தில் இன்சுலின் தேவை கிலோவுக்கு 1.2 யூனிட் அளவுக்கு உயர்வது சாதாரணம். ஆக நாளுக்கு 50 யூனிட். 500-ஐ வகுத்தால் 10 கிராமுக்கு 1 யூனிட். 1800-ஐ வகுத்தால் 1 யூனிட் 36-தான் இறக்கும். முன்னிரவில் பெரிதாக இருந்த எண் குறைந்து, விடியற்காலை எண்தான் நாளிலேயே பெரிதாகும். மாதவிடாய்க்கு முந்தைய நாள்களுக்குத் தனி அட்டவணையே தேவைப்படலாம். பழைய அட்டவணைகளைத் தேதியோடும் எடையோடும் நோட்டில் எழுதிவையுங்கள். மூன்று மாதத்துக்கொருமுறை போகும்போது மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான். பம்ப் திடீரென்று செத்துப்போனால் புதிய பம்பில் எண்களைத் திரும்ப ஏற்றவும் அந்தப் பக்கம்தான் வேண்டும்.